‘இன்னும் நன்றாகத் திட்டமிட்டிருக்கலாம்’ என்று எழுதினால் போதுமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தமிழ்மொழிக் கழகத்துக்காக 7 பேர் சேர்ந்து 8 நிமிடக் குறும்படம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியை, பேத்தி மறுபடியும் அதே தோட்டத்துக்கு அழைத்துப் போகும் கதை. நடுவில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த 1948 அவசரகாலத்தைக் காட்டும் ஒரு பழைய நினைவுக் காட்சி. 3 நாளில் முடிப்பதாகத் திட்டம், இழுத்தது 5 வாரம். 12 காட்சிகளில் 7 தான் தேறின. விடியற்காலைக் காட்சி இருட்டாக விழுந்துவிட்டது, பாட்டி பேசுவது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை, பிப்ரவரியில் எடுத்த தோப்பும் ஏப்ரலில் எடுத்த தோப்பும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கின்றன, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே சண்டை. இப்போது ஆசிரியை, நடந்ததைத் திரும்பிப் பார்த்து ஆளுக்கொரு சிந்தனை மீட்சி எழுதச் சொல்லியிருக்கிறார். “இன்னும் நன்றாகத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? அடுத்த வருஷம் படம் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?” என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். விளையாட்டுப் போட்டி, கலை இரவு, கேண்டீன் நாள் என்று எதற்கு வேண்டுமானாலும் அதை எழுதலாம். உங்கள் படத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் திட்டம் போடாமல் இல்லை. காட்சிப் பட்டியல், தேதி, யார் யாருக்கு என்ன வேலை, எல்லாம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தாளைத் தெரிந்தவர் யாரிடமும் காட்டவில்லை, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. உங்கள் கேள்வியைப் படித்தவரைக்கும் நடந்த அத்தனைக்கும் காரணம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு தாளை எடுத்து, திட்டப்படி நடக்காததை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பக்கத்திலேயே, அது அப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்த ஆள் யார் என்றும் எழுதுங்கள். உங்கள் ஏழு பேரில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கலாம். எழுதி முடித்தால், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் நேராக ஒரு பேர் வந்திருக்கும்.

தோப்பையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையைக் கொட்டும். பிப்ரவரி வாக்கில் தோப்புக்குள் நின்றால் தலைக்கு மேலே வெறும் கிளை, காலுக்குக் கீழே சருகு, வெளிச்சம் தடையில்லாமல் தரை வரைக்கும் இறங்கும். சில வாரங்களில் துளிர்விட்டு, ஏப்ரலில் நீங்கள் மறுபடி போனபோது மேலே பச்சை மூடியிருக்கும், கீழே நிழல். அதே மரம், அதே இடம்தான். ஆனால் திரையில் பாட்டி ஒரு தோப்புக்குள் நுழைந்து இன்னொரு தோப்பில் நடக்கிறாள். இலை உதிரும் சமயத்தில் பாலும் குறையும் என்பதால் பல சிறுதோட்டக்காரர்கள் மரத்துக்கு ஓய்வு விட்டுவிடுவார்கள். அதாவது வெட்டுக் காட்சி எடுக்க நீங்கள் தேர்ந்தெடுத்தது, வெட்டே சரியாக நடக்காத மாதம். இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. சுங்கை சிப்புட்டில் பால் வெட்டிய தாத்தா பாட்டி இல்லாத தமிழ்க் குடும்பம் எத்தனை இருக்கும்? “தாத்தா, பிப்ரவரியில் தோப்பு எப்படி இருக்கும்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். சிந்தனை மீட்சியில் எழுத வேண்டியது இதைத்தான். எந்தத் தேதியில் முடிவெடுத்தீர்கள், யாரைக் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் எது மாறியிருக்கும்.

விடியற்காலைக் காட்சிக்கு வருகிறேன். இங்கே நின்று பேச நிறைய இருக்கிறது. பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு கிளம்புவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறாத நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் தலைவிளக்கு. நீங்களும் அதே இருட்டில் போய் எடுத்தீர்கள். கைப்பேசிக்கு அந்த இருட்டு ஒத்துவராது. வெளிச்சம் போதாதபோது அது தானாகவே உணர்திறனை ஏற்றும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இறையும், முகம் சேறு மாதிரி ஆகிவிடும்.

நம் ஊரில் ஆண்டு முழுக்கச் சூரியன் எழுவது ஏறத்தாழ காலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான். அதற்கு முன் ஒரு 20 நிமிடம் வானத்தில் நீல வெளிச்சம் இருக்கும். அந்த 20 நிமிடமும், சூரியன் எழுந்த பிறகு தோப்புக்குள் வெயில் இறங்காத ஒரு கால் மணி நேரமும்தான் உங்கள் சொத்து. வெட்டுகிறவரைத் தலைவிளக்கைப் போடச் சொல்லி, மரப்பட்டைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கவைத்து, கைப்பேசித் திரையில் பட்டை தெரியும் இடத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். விளக்கு வெளிச்சம் பட்டையில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும், பின்னால் தோப்பு நீலமாக நிற்கும். பார்க்கிறவருக்கு அது ஐந்தரை மணி. தலைவிளக்கு எரியும்போது எடுக்க வேண்டியவற்றை ஒரே மரத்தில் எடுத்து முடித்துவிடுங்கள்: கத்தி பட்டையில் இறங்குவது, மெல்லிய சீவல் கீழே விழுவது, சரிந்த வெட்டு வழியாகப் பால் ஓடிக் கிண்ணத்தில் சொட்டுவது. நான்கைந்து ஷாட் போதும், அதற்கு மேல் நேரமும் இருக்காது.

இதில் ஒரு சின்னச் சங்கதி. உங்கள் பாட்டி “ஆறரைக்கெல்லாம் விடிஞ்சிடும்” என்று சொல்லியிருந்தால் அவர் தப்பாகச் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது 1982 ஜனவரி 1 முதல்தான். பாட்டி வேலைக்குப் போன காலத்து மணியை வைத்து இன்றைக்குப் படப்பிடிப்பு நேரம் போட்டால் அரை மணி இருட்டில் கொசுக்கடியோடு நிற்க வேண்டியதுதான். முதியவர்களின் நினைவிலிருந்து கதை எடுக்கும்போது மணிக் கணக்கை இப்படி ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒலி. மாணவர் படங்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், படம் கெடுவது பெரும்பாலும் காதில்தான். கொஞ்சம் இருட்டான, கொஞ்சம் ஆடுகிற படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் இரண்டாவது நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே மழை நேரத்தில் இரண்டு மீட்டர் தள்ளிக் கைப்பேசியைப் பிடித்தால் என்ன ஆகும்? வாயிலிருந்து தூரம் இரட்டிப்பானால் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும். கூரைச் சத்தமோ எங்கே நின்றாலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே விலை உயர்ந்த மைக்கை விட, ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மலிவான மைக் மேல். இரண்டாவது கைப்பேசியில் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பாட்டியின் முந்தானைக்குள், அல்லது மேசைமேல் இருக்கும் வெற்றிலைத் தட்டுக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் படத்தில் தெரிகிற மாதிரி ஒருவர் ஒரு தடவை கைதட்டினால் போதும், தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது வெட்டு விழும் இடங்களை மூட அது உதவும்.

மழை எப்போது வரும் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் மேற்குக் கரையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வழக்கம். வசனக் காட்சி எல்லாம் காலையில், மதியத்துக்கு மேல் பேச்சில்லாத காட்சிகள் என்று தேதித் தாளைத் திருப்பிப் போட்டிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

வீட்டுக்குள் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டை ஓடுகிறதா என்றும் பாருங்கள். குழல் விளக்குக்குக் கீழே எடுத்திருந்தால் ஓடியிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கைப்பேசி வழக்கமாக விநாடிக்கு 30 பிரேம் எடுப்பதால் அதோடு ஒத்துப்போகாது. புரோ அமைப்பில் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பட்டை நின்றுவிடும். அந்த அமைப்பு உங்கள் கைப்பேசியில் இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் எடுங்கள், இன்னும் அழகாகவே வரும்.

1948 காட்சியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். உங்கள் ஊர் வரலாற்றில் அது பெரிய தேதி. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டு இறந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அதைப் படத்தில் கொண்டுவர ஆசைப்பட்டது புரிகிறது. ஆனால் பாட்டியின் வயதைக் கணக்குப் போட்டீர்களா? இன்றைக்குப் படிவம் நான்கு படிக்கும் பிள்ளையின் பாட்டி பெரும்பாலும் 1950களில் பிறந்தவராகத்தான் இருப்பார். 1948 அவர் நினைவு இல்லை, அவருடைய அம்மாவின் நினைவு. கதையில் இப்படி ஒரு விரிசல் இருந்தால் நடிப்பும் இசையும் சேர்ந்தாலும் மூட முடியாது. போதாததற்குச் சீருடை, பழைய லாரி, துப்பாக்கி என்று பட்டியல் நீளும். போலித் துப்பாக்கியைக்கூட 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொம்மைதானே என்று தூக்கிக்கொண்டு தோட்டத்தில் திரிவது பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாத வேலை.

பாட்டிக்கே சொந்தமான நினைவுகள் வேறு இருக்கின்றன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் அவர் சிறுமி. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிய காலத்தில், பாட்டியின் அப்பா அதில் பங்கு போட்டாரா இல்லையா என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டது, லயத்து வீட்டைவிட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இருந்த இடம் தெரியாமல் போனது. இதில் ஒன்றை எடுத்தால் சீருடையும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். அலமாரியிலிருந்து ஒரு பழைய சங்கக் காகிதத்தை எடுத்துப் பாட்டி மேசையில் விரித்து, மடிப்பை நகத்தால் நீவுகிறார். காகிதத்தில் இருக்கும் பெயரைப் பேத்தி எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஒரே காட்சி, ஒரே இடம், இரண்டு பேர். உங்கள் கையில் இருக்கும் இடத்தையும் ஆட்களையும் பொருளையும் முதலில் எழுதிவைத்து, கதையை அதிலிருந்து வளர்த்திருக்க வேண்டும். கதையை எழுதிவிட்டுப் பொருளைத் தேடி ஓடியதில்தான் மூன்று வாரம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சண்டையைப் பற்றி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் யாரும் கெட்டவர் இல்லை. ஒருவருக்குச் சனிக்கிழமை டியூஷன், ஒருவர் வீட்டில் ஞாயிறு காலை அம்மாவோடு சந்தைக் கடை, இன்னொருவருக்குத் தாமானிலிருந்து தோட்டத்துக்கு வர வண்டி இல்லை. இதையெல்லாம் முதல் கூட்டத்தில் சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டியிருப்பார்கள். திட்டத் தாளில் காட்சிக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வரிசை போட்டு, வர முடியாத நேரத்தை முதலில் கறுப்படித்திருந்தால், மிச்சம் இருக்கும் வெள்ளைக் கட்டம் எவ்வளவு குறைவு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அனுபவம் இல்லாத ஒரு குழு அரை நாளில் ஒழுங்காக எடுப்பது ஏழெட்டு ஷாட். 12 காட்சிக்கு 60 ஷாட் என்று வைத்தாலும் 8 அரை நாள் வேண்டும். 3 நாள் என்று எழுதியபோதே திட்டம் 4 நாளாவது போகும் என்று கணக்கு சொல்லிவிட்டது, யாரும் கணக்குப் போடவில்லை. அப்புறம் ஒன்று: முடிவு சொல்ல ஒரே ஒருவர் வேண்டும், படப்பிடிப்பு இடத்தில் அவர் பேச்சுதான் கடைசி. புலனக் குழுவில் நேரமும் இடமும் மட்டும். கதையைப் பற்றிய விவாதம் நேரில் உட்கார்ந்துதான்.

இத்தனையும் ஒரே வேலையில் முன்கூட்டியே வெளியே வந்திருக்கும். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: படத்தை இரண்டு தடவை எடுக்கட்டும். கதை முடிவானதும், ஒரு மாலை, பள்ளி கேண்டீனிலேயே, யாராவது ஒரு மாணவி துண்டைப் போர்த்திக்கொண்டு பாட்டியாக நிற்க, வாழை மரத்தை ரப்பர் மரமாக வைத்து, முழுப் படத்தையும் ஒரே கைப்பேசியில் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடட்டும். அன்று இரவே ஒட்டிப் பார்க்கட்டும். எட்டு நிமிடம் என்று நினைத்தது பதினான்கு நிமிடம் ஓடும். மூன்று காட்சி ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்வது தெரியும். யாருக்கு நடிக்க வரும், யார் சொன்ன நேரத்துக்கு வருவார், யார் பொறுமையாகத் தொகுப்பார் என்று தெரியும். எல்லாருக்கும் ஒரே படம் மனதில் பதியும். ஏழு பேர் ஏழு படத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டுவது அன்றோடு முடியும். இந்த ஒத்திகைப் படத்தைக் காட்டினால் ஆசிரியையும் தாத்தாவும் பேசுவார்கள். திட்டத் தாளை நீட்டினால் “நல்லா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மற்றவை சுருக்கமாக. தோட்டத்துக்குள் போகப் பள்ளி முத்திரையோடு கடிதம் வேண்டும். தேதி, நேரம், ஆட்களின் பெயர், கூட வரும் ஆசிரியர் பெயர் எல்லாம் இருக்கட்டும். அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுத்துவிட்டு, படப்பிடிப்புக்கு முதல் நாள் நினைவூட்டுங்கள், காவலுக்கு நிற்பவர் வரைக்கும் செய்தி போயிருக்க வேண்டும். எடுத்த கோப்புகளை அன்றன்றே இரண்டு இடத்தில் வைத்து, காட்சி எண்ணைப் பெயராகப் போடுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டுவிடாதீர்கள். 1987 பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, இணையத்தில் ஏற்றினால் ஒலியை முடக்கவும் செய்வார்கள். பக்கத்தில் உறுமி மேளம் அடிக்கும் பையன்கள் கண்டிப்பாக இருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாக அடித்துக் கொடுப்பார்கள்.

கையில் இருக்கும் 7 காட்சியை வீணாக்க வேண்டாம். வசனத்தை எல்லாம் தூக்கிவிடுங்கள். பாட்டியை மறுபடி நடிக்கவோ, திரையைப் பார்த்துக் குரல் கொடுக்கவோ சொல்லாதீர்கள், பழக்கமில்லாதவருக்கு அது வராது. நிழலில் நிறுத்திய காருக்குள் உட்காரவைத்து, என்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, “பாட்டி, முதல் நாள் வெட்டுக்குப் போனதைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். கண்ணாடி ஏற்றிய கார் நல்ல ஒலிப்பதிவு அறை, ஆனால் சூடு ஏறிவிடும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்துவிடுங்கள். அந்தப் பேச்சைப் படத்தின் மேல் போட்டால் 4 நிமிடத்தில் ஒரு முழுப் படம் வரும். இலை உதிர்ந்த தோப்பை முன்னாலும் துளிர்த்த தோப்பைப் பின்னாலும் வைத்துக்கொண்டால் காலம் நகர்ந்ததாகவே தெரியும். அவசரகாலக் காட்சியில் எடுத்தது ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள்.

சிந்தனை மீட்சியில் மூன்று முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு தேதியோடு எழுதுங்கள், அரைப் பக்கம் போதும். அதோடு தோட்டத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல், தோப்பில் எந்த மணிக்கு எப்படி வெளிச்சம் விழுந்தது என்ற குறிப்பு, யார் யாரைக் கேட்கலாம் என்ற பட்டியல், இவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கழக ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருஷக் குழு முதல் கூட்டத்துக்கு வரும்போது அது மேசைமேல் இருக்கட்டும்.